சாய்ந்திருந்து செலுத்தும் துவிச்சக்கர வண்டிகள்: உடற்சுகமும் பயன்பாடும்

துவிச்சக்கர வண்டியைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் வரலாற்றினையோ, அதனால் விளைந்த சமுதாய மாற்றங்களையோ எடுத்துக் கூறுவர். வண்டியின்மீது ஏறியிருப்பவனுடைய உடல் எவ்வாறு அமைந்திருக்கின்றது, அவ்வுடலின் பாரம் எவ்வுறுப்பின்மேல் விழுகின்றது, நெடுந்தூரஞ் சென்றபின் எவ்விடத்து நோகின்றது என்பனவற்றை ஆராய்வார் மிகச் சிலரே. ஆயினும், நாற்பது ஐம்பது வயதைக் கடந்தபின் வண்டியோட்டுதலைக் கைவிடுவோரை உசாவுவோமாயின், காலிற் பலமின்மையால் விட்டவர் சிலர் என்பதும், முதுகு, கழுத்து, மணிக்கட்டு, இருப்பிடம் ஆகியவற்றின் நோவு பொறுக்கலாற்றாது விட்டவர் பலர் என்பதும் புலனாகும். உடற்பயிற்சியாகவும் ஊர்தியாகவும் ஒருங்கே பயன்படும் ஒரு சாதனத்தை, வலுவிருந்தும் நோவின் பொருட்டு ஒருவன் இழத்தல் சிறிய நட்டமன்று. ஆதலின் இப்பொருள் ஆராய்தற்குரியதேயாம்.

இன்று நாம் காணும் துவிச்சக்கர வண்டியின் வடிவம் 1885 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் கொவென்றி நகரிலே ஜோன் கெம்ப் ஸ்ராளி என்பார் அமைத்த 'றோவர்' வண்டியிலிருந்து வந்தது. ஏறக்குறைய ஒத்த அளவுடைய இரு சில்லுகள், பின்சில்லைச் சுழற்றும் சங்கிலி, இரண்டிற்கும் நடுவே உயர்ந்து நிற்கும் ஆசனம் என்னும் இவ்வமைப்பு, 1888 இல் டன்லொப் என்பார் காற்றடைத்த ரயரைக் கண்டுபிடித்ததும் உலகெங்கும் நிலைபெற்றது. அதன்பின் உருக்குக் குழாய் அலுமினியமாயிற்று; அலுமினியம் காபன் இழையாயிற்று; கியர்கள் பெருகின; பிறேக்குகள் திருந்தின. இருப்பு மட்டும் மாறவில்லை. நம் பாட்டனார் ஹம்பர் வண்டியில் எங்ஙனம் இருந்தாரோ அங்ஙனமே பேரனும் இருக்கின்றான். சற்றுக் கூடுதலாகக் குனிந்திருக்கின்றான், அவ்வளவே.

இவ்விருப்பில் உடலின் பாரம் மூன்று இடங்களிற் பகிரப்படுகின்றது. மிதி எனப்படும் பெடல்கள் ஒரு பங்கையும், கைபிடி ஒரு பங்கையும், ஒடுங்கிய ஆசனம் எஞ்சிய பெரும்பங்கையும் தாங்குகின்றன. ஆசனத்தின்மேல் விழும் பாரம் இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரு முனைகளிலும், அவற்றினிடையேயுள்ள மென்மையான பகுதியிலும் அழுத்துகின்றது. அப்பகுதியில் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் செல்லுதலின், நெடுநேரம் ஓட்டுவோர்க்கு மரத்தல் உண்டாகின்றது. கைபிடியின்மேல் ஊன்றிய உள்ளங்கையின் வழியே செல்லும் நரம்பு அழுத்தப்படுதலாற் சுண்டுவிரலும் மோதிரவிரலும் விறைக்கின்றன. குனிந்த உடலின்மேல் தலையை நிமிர்த்திப் பாதையை நோக்க வேண்டியிருத்தலாற் பிடரி நோகின்றது. நல்ல ஆசனமும் சரியான அளவும் இவற்றைக் குறைக்கும் என்பது உண்மை. முற்றாக நீக்குவது பலர்க்கு இயலாது.

இனி, சாய்மனைக் கதிரையில் இருப்பானொருவனை நினைவிற் கொள்க. அவனுடைய பாரம் முதுகு முழுவதிலும் இருப்பிடம் முழுவதிலும் பரந்து கிடக்கின்றது. கைகள் எதனையுந் தாங்கவில்லை. தலை இயல்பாக முன்னோக்குகின்றது. அக்கதிரையின் கீழ் இரு சில்லுகளை அமைத்து, மிதிகளை அவன் கால்களுக்கு முன்னே கொண்டுபோய் நிறுத்தினால் எவ்வாறிருக்கும்? ஆங்கிலேயர் 'றிக்கம்பன்ற்' என்று வழங்கும் வண்டி அதுவேயாம். இக்கட்டுரையில் அதனைச் சாய்வு வண்டி என்றும், வழக்கமான வண்டியை நிமிர்வண்டி என்றும் குறிப்போம்.

இது புதிதாகத் தோன்றிய விநோதமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஜெனீவா நகரில் இத்தகைய வண்டி அமைக்கப்பட்டது. வான்கப்பல்களின் வடிவமைப்பிற் பெயர்பெற்ற பவுல் யாராய் என்பார் 1920 களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் நெம்புகோலால் இயங்கும் சாய்வு வண்டியொன்றை வெளியிட்டார். ஆயினும் இவ்வண்டியின் வரலாற்றில் ஊன்றி நோக்கற்பாலது பிரான்சு தேசத்து ஷார்ல் மோஷே என்பாரின் கதையே.

மோஷேயின் மகன் ஜோர்ஜ் சிறுவனாயிருந்தபோது துவிச்சக்கர வண்டி கேட்டானாம். அஃது ஆபத்தானது எனத் தாய் மறுத்தார். அதனால் தந்தையார் நான்கு சில்லுகளையுடைய, மிதித்துச் செலுத்தும் சிறு வண்டியொன்றை மகனுக்குச் செய்து கொடுத்தார். அஃது எதிர்பாராத வேகத்துடன் ஓடக்கண்டு, பெரியோர்க்கும் அவ்வாறே செய்து 'வெலோகார்' என்னும் பெயரில் விற்றார். நான்கு சில்லுகளோடு வளைவுகளில் வேகமாகத் திரும்புதல் அரிதாயிருந்தமையால், அதனை இரண்டாகப் பிளந்தாற்போல இருசில்லு வெலோகார் ஒன்றை ஆக்கினார். அதனை ஓட்ட முன்வந்தவர் பிரான்சிஸ் ஃபோர் என்னும் பந்தயவீரர். அவர் முதல்தர வீரரென எண்ணப்பட்டவரல்லர் என்பதை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். ஏனெனின், 1933 ஆம் ஆண்டு யூலை 7 ஆந் திகதி பாரிசு நகரத்து ஓட்டக்களத்தில் அவர் ஒரு மணிநேரத்தில் 45.055 கிலோமீற்றர் ஓடினார். 1914 ஆம் ஆண்டு ஒஸ்கார் எக் நாட்டிய 44.247 கிலோமீற்றர் என்னும் சாதனை பத்தொன்பது ஆண்டுகளின் பின் இவ்வாறு வீழ்ந்தது.

இதன்பின் நிகழ்ந்தது விஞ்ஞானமன்று, வழக்காகும். அதே ஆண்டு ஓகத்து மாதத்தில் மோரிஸ் றிச்சார் என்பார் நிமிர்வண்டியில் 44.777 கிலோமீற்றர் ஓடினார். எது சாதனை? ஃபோர் ஓட்டியது துவிச்சக்கர வண்டிதானா? சர்வதேசத் துவிச்சக்கர வண்டியோட்ட ஒன்றியம் 1934 இல் விடை கூறிற்று. பந்தய வண்டியெனின் அதன் மிதியச்சு ஆசனத்திற்கும் முன்சில்லிற்கும் இன்ன அளவினுள் நிற்றல் வேண்டுமென ஒரு வரைவிலக்கணத்தை அது வகுத்தது. அந்த வரைவிலக்கணத்துள் வெலோகார் அடங்கவில்லை. ஆகவே குறைவாக ஓடிய றிச்சாரின் பெயர் ஏட்டில் நின்றது. கூடுதலாக ஓடிய ஃபோரின் பெயர் அவ்வேட்டினின்றும் நீங்கிற்று. மோஷே அவ்வாண்டிலேயே காலமானார். அவர் மகன் ஜோர்ஜ் முட்டைவடிவக் கூடொன்றை வண்டிக்குப் பொருத்த, 1939 இல் ஃபோர் ஒரு மணிநேரத்தில் 50.537 கிலோமீற்றர் ஓடினார். ஒன்றியம் ஏற்கும் நிமிர்வண்டியில் 50 கிலோமீற்றரைக் கடக்க உலகம் 1984 ஆம் ஆண்டுவரை, பிரான்செஸ்கோ மோசர் மெக்சிக்கோ நகரில் ஓடும்வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஒன்றியத்தார் செய்ததை முற்றாகக் குறைகூறவும் ஒண்ணாது. பந்தயம் என்பது மனிதரின் ஆற்றலை ஒப்பிடுதற்கு ஏற்பட்டதேயன்றி வண்டிகளை ஒப்பிடுதற்கு ஏற்பட்டதன்று என்னும் அவர்தம் வாதத்திற் பொருளுண்டு. ஆயின் விளைவு பந்தயக்களத்தோடு நின்றுவிடவில்லை. வண்டி செய்வோர் பந்தய வீரர் ஓட்டுவதையே செய்தனர். வாங்குவோர் அவர் செய்ததையே வாங்கினர். பந்தயத்திற் கலந்துகொள்ளக் கனவிலும் கருதாத தபாற்காரனும் ஆசிரியனும் பந்தய விதியொன்றினால் வரையறுக்கப்பட்ட இருப்பில் அமர்ந்தே வாழ்நாளைக் கழித்தனர் என்றல் மிகையன்று.

இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் எழுபதுகளிலே இக்கருத்து மீண்டும் உயிர்பெற்றது. அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்துப் பேராசிரியர் டேவிட் கோடன் வில்சன் சாய்வு வண்டிகளை ஆராய்ந்து, 'அவற்றார் 2000' என்னும் நெடிய வண்டி உருவாகக் காரணமானார். 1976 இல் மனித வலுவால் இயங்கும் ஊர்திகளுக்கென ஒரு சர்வதேசச் சங்கம் கலிபோர்னியாவில் தோன்றி, வடிவத்துக்கு விதிவகுக்காத பந்தயங்களை நடத்திற்று. 1986 இல் கார்ட்னர் மாட்டின் அமைத்த 'கோல்ட் றஷ்' வண்டியில் பிறெட் மாக்கம் மணிக்கு 65 மைலைக் கடந்து, அதற்கென வைக்கப்பட்டிருந்த டூப்பொன் பரிசைப் பெற்றார். 2016 இல் கனடா நாட்டவரான ரொட் றைக்கேர்ட் நெவாடாப் பாலைநிலத்து நெடுஞ்சாலையில் மணிக்கு 144.17 கிலோமீற்றர் வேகத்தை எட்டினார். ஒரு மனிதனுடைய கால்களன்றி வேறோர் இயந்திரமும் அவ்வண்டியில் இருக்கவில்லை.

வேகத்தின் கதை இவ்வளவில் நிற்க. உடற்சுகம் என்னும் பொருளுக்கு மீள்வோம். சாய்வு வண்டியின் சுகத்தை நிர்ணயிப்பது முதலாவதாக முதுகணையின் சாய்கோணம். கிடைத்தளத்திலிருந்து அளக்கும்போது இக்கோணம் சில வண்டிகளில் 60 பாகை அளவில் நிமிர்ந்தும், வேறு சிலவற்றில் 20 பாகை அளவிற் படுத்தும் இருக்கும். நிமிர்ந்த முதுகணையே சுகமானது என முதன்முறை காண்போர் எண்ணுவர். அஃது அரையுண்மையே. நிமிர நிமிரப் பாரம் முதுகை விட்டு இருப்பிடத்தில் இறங்குகின்றது. அவ்விடத்துத் தசைகளோ மிதிக்கும் வேலையைச் செய்வன. வேலைசெய்யும் தசை பாரத்தின்கீழ் நசுங்கினால் இரத்தவோட்டங் குறைந்து நோவெடுக்கும். சாய்வு வண்டியோட்டுவோர் இடையே இந்நோவு நன்கறியப்பட்டதொன்று. சாயச் சாய இந்நோவு நீங்கும். ஆனால் இப்போது தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருத்தலாற் கழுத்து நோகும். அதற்குத் தலையணை ஒன்று தேவைப்படும். தலையணையில் தலையை வைத்தாற் கரடுமுரடான பாதையின் அதிர்ச்சி நேரே மண்டையிற் சேரும். மேலும், மிதிகள் இடுப்பினும் உயர்ந்து நிற்கும் வண்டிகளிற் பாதங்களுக்கு இரத்தஞ் செல்வது சற்றுக் குறைதலாற் சிலர்க்கு விரல்கள் மரத்துப்போகும். ஆகவே நோவில்லாத வண்டி என விளம்பரஞ் செய்வோர் கூற்றை அப்படியே நம்புதல் கூடாது. நிமிர்வண்டியின் நோவுகள் நீங்கி வேறு சில, பெரும்பாலும் சிறிய, நோவுகள் வரும் என்பதே நேர்மையான கூற்றாகும்.

ஆசனத்தின் அமைப்பு இரண்டாவது. சட்டத்தின்மேல் வலைத்துணியை இழுத்துக் கட்டியது ஒருவகை. உடலின் வளைவுக்கேற்ப வார்த்த கெட்டியான ஓட்டின்மேல் மெத்தையிட்டது மற்றொரு வகை. வலையாசனம் காற்றோட்டமுடையது, அதிர்ச்சியை ஓரளவு தானே ஏற்பது. வெப்பமான தேசத்தில் இதன் அருமை சொல்லாமலே விளங்கும். ஓட்டாசனத்தில் முதுகு வியர்வையால் நனையும். ஆயினும் மிதிக்கும் விசை எதிலும் வீணாகாமல் முழுவதும் சங்கிலிக்குச் செல்லும். அதனால் விரைவை விரும்புவோர் ஓட்டையும், நெடும்பயணஞ் செய்வோர் வலையையும் நாடுவர். ஓடானது ஒருவரின் முதுகுக்குப் பொருந்தினாற் பிறிதொருவரின் முதுகுக்குப் பொருந்தும் என்னும் உறுதியில்லை. வலையை இழுத்துத் திருத்திக் கொள்ளலாம்.

இருசில்லுச் சாய்வு வண்டிகளை மிதியச்சின் இடத்தைக் கொண்டு வகுப்பது வழக்கம். முன்சில்லு மிதிகளுக்கும் முன்னே நிற்குமாயின் அஃது நெடுவண்டி. அதன் இரு சில்லச்சுகளுக்கும் இடையே ஏறத்தாழ 1.6 முதல் 1.8 மீற்றர் தூரமிருக்கும்; நிமிர்வண்டியில் இத்தூரம் ஒரு மீற்றரளவே. மிதிகள் முன்சில்லுக்கும் முன்னே நீட்டிக்கொண்டிருக்குமாயின் அஃது குறுவண்டி. நெடுவண்டியில் மிதிகள் தாழ்ந்திருத்தலாற் கால் எளிதில் நிலத்தை எட்டும். பள்ளத்தில் விழுந்தெழும் அசைவு மெதுவானது. புதிதாகப் பழகுவோர்க்கு அச்சந் தராதது. ஆனால் முன்சில்லின்மேற் பாரங் குறைவாதலின் மணலிலும் சரளைக்கல்லிலும் அது வழுக்கும். ஒடுங்கிய ஒழுங்கையில் திருப்புதற்கும், மாடிப்படியில் ஏற்றுதற்கும், புகையிரதத்திற் கொண்டு செல்லுதற்கும் அது பெருந்தொல்லை. குறுவண்டியில் இத்தொல்லை இல்லை. பாரமும் இரு சில்லுகளிலும் செவ்விதிற் பகிரப்படும். ஆயின் கூர்மையாகத் திரும்பும்போது குதிக்கால் முன்சில்லில் உரசுதலும், சிறிய முன்சில்லு குழிகளில் விழுந்து குலுக்குதலும் உண்டு.

குறுவண்டியிலும் இருகிளைகள் உள. பெரிய சில்லுகளை இரண்டிலுங் கொண்டு ஆசனம் உயர்ந்திருக்கும் உயர்வண்டி ஒன்று. அமெரிக்காவில் நெடுந்தூரப் போட்டிகளுக்கு விரும்பப்படுவது. ஆசனம் நிலத்திலிருந்து 25 அல்லது 30 சதமமீற்றரே உயர்ந்து, ஓட்டுபவன் நிலத்தோடு படிந்து செல்வது போலத் தோன்றும் தாழ்வண்டி மற்றொன்று. ஒல்லாந்து ஜேர்மனி ஆகிய சமதரைப் பாதைகளிற் பெயர்பெற்றது. இவ்விடத்து மாணவர்கள் சிந்தித்தற்குரிய ஒரு வினா உண்டு. தாழ்ந்த வண்டி விழாமல் நிற்பதற்கு எளிதா, உயர்ந்த வண்டி எளிதா? புவியீர்ப்பு மையம் தாழ்ந்தால் உறுதி மிகும் எனப் பாடநூலிற் படித்தவன் தாழ்ந்ததே எளிது என விடையிறுப்பான். அவ்விதி மேசைக்கும் நாற்காலிக்கும் பொருந்தும். இருசில்லு வண்டி மேசையன்று. உள்ளங்கையில் நிறுத்திய கோலைப் போன்றது. உலக்கையை உள்ளங்கையில் நிறுத்திப் பிடித்தல் ஒருவாறு இயலும். பென்சிலை நிறுத்துதல் இயலாது. குட்டையானது விரைந்து சாய்கின்றது; கை அதனைத் தொடர்ந்து நகர்தற்கு அவகாசமில்லை. சாய்தற்கு எடுக்கும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமாகும். நிமிர்வண்டியில் மையம் ஏறத்தாழ 1.1 மீற்றர் உயரத்திலும் தாழ்வண்டியில் அரை மீற்றரளவிலும் உண்டெனக் கொண்டால், பின்னதில் ஓட்டுபவனுக்குக் கிடைக்கும் அவகாசம் மூன்றிலொரு பங்கு குறைவாகும். அன்றியும் முதுகணையிற் சாய்ந்திருப்பவன் உடலை இப்பக்கமும் அப்பக்கமும் அசைத்துச் சமன் செய்தலும் இயலாது. கைபிடியொன்றே அவனுக்குத் துணை. சாய்வு வண்டியைப் புதிதாக எடுத்தோர், நிமிர்வண்டியில் எத்துணைக் கைதேர்ந்தவராயினும், முதல்நாளில் நெளிந்து நெளிந்து செல்வதன் காரணம் இதுவே. வேகம் பிடித்தபின் நெளிவு மறையும்.

கைபிடியின் இடமும் சுகத்தோடு தொடர்புடையது. சில வண்டிகளிற் கைபிடி நெஞ்சுக்கு முன்னே நிற்கும். சிலவற்றில் ஆசனத்தின் கீழே இருபுறமும் நிற்கும். கீழே உள்ளதிற் கைகள் தொங்கிய நிலையில் ஓய்வாக இருத்தலின் தோளும் மணிக்கட்டும் களைப்பதேயில்லை. நெடும்பயணிகளில் ஒருசாரார் இதனைவிட்டு வேறொன்றைத் தொடமாட்டார். ஆயின் காற்றுக்கு எதிரே உடலின் அகலம் சற்று மிகும், பழகுதற்கும் நாட்பிடிக்கும்.

இனி, எவ்வண்டி எவ்வகை ஓட்டத்திற்கு ஏற்றது என்பதை ஆராய, காற்றையும் மேட்டையும் கணக்கில் எடுத்தல் வேண்டும். சமதரையில் ஓடும் வண்டிக்குப் பெரும்பகை வளித்தடை. அத்தடைவிசை வேகத்தின் வர்க்கத்துக்கும், அதனை வெல்லத் தேவையான வலு வேகத்தின் கனத்துக்கும் விகிதசமமானவை. வேகம் இருமடங்காயின் வலு எண்மடங்காதல் வேண்டும். நிமிர்ந்திருந்து ஓட்டுபவனின் பயன்படு பரப்பு ஏறத்தாழ 0.5 சதுர மீற்றர் எனவும், குனிந்து ஓட்டும் பந்தயக்காரனது 0.3 எனவும், தாழ்வண்டியிற் கிடப்பவனது 0.2 எனவும் கொள்வோம். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வளித்தடைக்கு மாத்திரம் முதலாமவன் 174 உவாற்றும், இரண்டாமவன் 104 உவாற்றும், மூன்றாமவன் 69 உவாற்றும் செலவிடுவான். நல்ல உடல்நலமுள்ள சாதாரண மனிதனொருவன் ஒரு மணிநேரந் தொடர்ந்து தரக்கூடியது 100 முதல் 150 உவாற்றளவே என்பதை நோக்க, இவ்வேறுபாட்டின் பெருமை விளங்கும். முதலாமவனுக்கு அவ்வேகம் எட்டாதது. மூன்றாமவனுக்கு உலாவுவது போன்றது. ஆனால் அதே கணக்கை மணிக்கு 15 கிலோமீற்றருக்குச் செய்து பார்க்க. முதலாமவனுக்கு 22, மூன்றாமவனுக்கு 9. வேறுபாடு 13 உவாற்றே. சந்தைக்கும் பாடசாலைக்கும் மெல்லச் செல்வோன் காற்றைக் குறித்து வண்டி தேர்தல் வீண். இன்னுமொன்று: முதுகணை நிமிர்ந்து, மிதிகள் தாழ்ந்துள்ள நெடுவண்டிக்கு இந்த இலாபம் பெரிதும் இல்லை. சாய்வு வண்டிகள் யாவும் விரைவானவை என்பது பொதுவாக நிலவும் மயக்கம்.

மேட்டில் நிலைமை மாறும். 65 கிலோகிராம் நிறையுள்ள ஒருவன் 11 கிலோகிராம் நிமிர்வண்டியிலும், 16 கிலோகிராம் சாய்வு வண்டியிலும், நூற்றுக்கு ஆறு ஏற்றமுள்ள பாதையில் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுகின்றான் எனக் கொள்வோம். புவியீர்ப்பை வெல்ல முன்னதில் 124 உவாற்றும் பின்னதில் 132 உவாற்றும் வேண்டும். எட்டு உவாற்று வேறுபாடு பெரிதன்று. பின்னர் ஏன் சாய்வு வண்டிகள் மேட்டிற் பிந்துகின்றன? நிமிர்வண்டிக்காரன் ஆசனத்தை விட்டெழுந்து தன் உடற்பாரத்தால் மிதியை அழுத்தித் தசைகளை மாற்றி மாற்றி இளைப்பாற்றுகின்றான், சாய்ந்திருப்பவனுக்கு அவ்வழியில்லை. மெதுவாக ஏறும்போது சமநிலைப்படுத்தும் முயற்சியும் அவனைக் களைப்பிக்கும். இவ்விரண்டனோடு அவனுக்கு ஒரு சோதனையும் உண்டு. முதுகணையில் முதுகை ஊன்றிக் காலை நீட்டினால் உடற்பாரத்தினும் மிக்க விசையை மிதியின்மேற் செலுத்தலாம். அவ்வாறு தள்ளி மேடேறுவோர் சில கிழமைகளில் முழங்கால் நோவோடு வைத்தியரிடஞ் செல்வர். சிறிய கியரை இட்டு, நிமிடத்துக்கு 80 அல்லது 90 முறை இலகுவாகச் சுழற்றுவதே முறை. வழக்கமான 170 மில்லிமீற்றர் மிதிக்கையினும் குறுகிய 150 மில்லிமீற்றரளவான மிதிக்கை முழங்காலின் மடக்கைக் குறைத்து இதற்கு உதவும்.

நகரத்துப் பாதைகளுக்குச் சாய்வு வண்டி ஏற்றதா என்பது அதிகம் விவாதிக்கப்படும் ஒன்று. தாழ்ந்திருத்தலால் மோட்டார் வண்டிக்காரர் காணமாட்டார் என்பர் ஒரு சாரார். விநோதமாயிருத்தலால் எல்லாருமே திரும்பிப் பார்ப்பர் என்பர் மறுசாரார். இரண்டிலும் உண்மையுண்டு. ஓட்டுபவனின் கண் மோட்டார்ச் சாரதியின் கண்மட்டத்துக்குச் சற்றொப்ப நிற்கும் வண்டிகளில் ஆபத்து மிகுதியெனக் கூறுதற்கில்லை. தாழ்வண்டியோ நிறுத்தியிருக்கும் வாகனங்களுக்கப்பால் எதனையும் காணமாட்டாது. குறுக்குச் சந்தியில் அதன் மிதிகள் ஓட்டுபவனின் கண்ணுக்கு ஒரு மீற்றருக்கு மேல் முந்திச் சென்றுவிடும். திரும்பிப் பின்னே பார்த்தல் முதுகணையில் இருப்பவனுக்கு அரிது. ஆதலிற் கண்ணாடி அணிகலனன்று, அவசியம். நிறுத்திப் புறப்படும் இடங்கள் மிகுந்த நகரத்தில் மிதியில் காலை ஏற்றிப் புறப்படும் அந்த முதற்கணமே கடினமானது. நன்மையும் இல்லாமலில்லை. பிறேக்கைச் சடுதியாகப் பிடித்தால் நிமிர்வண்டியிற் போலக் கைபிடிக்கு மேலாகத் தலைகுப்புற விழும் அபாயம் இல்லை. விழுந்தாலும் கொஞ்ச உயரத்திலிருந்து பக்கவாட்டில் விழுவதே பெரும்பான்மை. வெயிலும் மழையும் மட்டும் நெஞ்சிலும் முகத்திலும் நேரே விழும். இதற்கு மருந்து தொப்பிவிளிம்பும் கறுப்புக் கண்ணாடியுமே.

நெடும்பயணத்திலேதான் இவ்வண்டிகள் தம் முழுப்பயனையும் தருகின்றன. நாளொன்றுக்கு எட்டுமணிநேரம் ஆசனத்திலிருப்பவனுக்குப் பாரம் பரந்து விழுதல் எத்துணைப் பெரிய பேறு என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. குனிந்த தலையோடு பாதையின் தாரையே பார்த்துச் செல்லாமல், மலையையும் வானத்தையும் கண்டுகொண்டு செல்லும் வாய்ப்பை ஓட்டுவோர் பலர் சுகத்தினும் மேலாகப் பாராட்டுவர். மூட்டைகளை ஆசனத்தின் கீழே தொங்கவிடலாம். பாரம் தாழ்ந்திருத்தலால் வண்டி தடுமாறாது. எழுந்து நின்று அதிர்ச்சியைக் காலால் ஏற்க இயலாமையாற் சில்லுகளுக்கு வில்லமைப்பு இருத்தல் நன்று. ஜேர்மனியிலும் செக் நாட்டிலும் இவ்வகை வில்லமைப்புடைய பயண வண்டிகளைச் செய்கின்றனர். சங்கிலி நிமிர்வண்டியினதைப் போல் இரண்டரை அல்லது மூன்று மடங்கு நீளமானது. அதனை வழிப்படுத்தக் கப்பிகளும் குழாய்களும் வேண்டும். நீளமானதால் ஒவ்வொரு கணுவும் குறைந்த முறையே வளையும். ஆகவே நெடுநாள் உழைக்கும். விலைதான் இடர். குறைந்த தொகையிற் செய்யப்படுவனவாதலின் நல்ல நிமிர்வண்டியின் விலையைப் பலமடங்கு கடந்து செல்வனவே இவற்றிற் பெரும்பாலன. உதிரிப்பாகங்களை ஊர்க்கடையில் எதிர்பார்த்தலும் ஆகாது.

இதுவரை கூறியவற்றுட் சமநிலை பற்றிய தொல்லைகள் யாவும் மூன்றாவது சில்லொன்றைச் சேர்த்தவுடன் மறைந்துவிடுகின்றன. முச்சில்லுச் சாய்வு வண்டி இருவகைப்படும். முன்னே இரண்டும் பின்னே ஒன்றுமாக உள்ளதை அதன் வடிவம்பற்றி வாற்பேய் என மேனாட்டார் அழைப்பர். தவளைக்குஞ்சின் உருவம் அது. முன்னே ஒன்றும் பின்னே இரண்டுமாக உள்ளது மற்றையது. முதல்வகை தாழ்ந்தது, வளைவுகளில் உறுதியாகத் திரும்புவது, அவுஸ்திரேலியாவிலும் இங்கிலாந்தின் கோண்வால் பகுதியிலும் அமெரிக்காவிலும் செவ்வனே செய்யப்படுவது. ஆயின் அதில் இறங்கி எழுதல், பாயிலிருந்து எழுதலை ஒத்தது. முழங்கால் இயலாதவர்க்கு அதுவே தடை. இரண்டாம் வகையில் ஆசனம் சற்று உயர்ந்திருத்தலால் நாற்காலியில் இருப்பது போல இருந்து எழலாம். ஆனால் விரைந்து திரும்பும்போது உட்சில்லு நிலத்தை விட்டெழும். இருவகையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஓடும்போது கால் மிதியிலிருந்து நழுவி நிலத்தைத் தொட்டால் வண்டி அக்காலைத் தன் அடியில் இழுத்துச் சென்றுவிடும். எலும்பு முறிந்தாரும் உளர். மிதியோடு பாதத்தைப் பிணைக்கும் வாரோ கொளுவியோ இன்றி முச்சில்லு வண்டியைத் தொடவே கூடாது.

மேட்டில் நடைவேகத்திலும் குறைவாக ஊர்ந்தாலும், இடையில் நின்று இளைப்பாறினாலும், முச்சில்லு வண்டி விழாது. காதினுள் உள்ள சமநிலைப் புலன் குன்றியோர்க்கும், பாரிசவாதத்தால் ஒருபக்கம் பலங்குறைந்தோர்க்கும், இனி வண்டியேயில்லை எனக் கைவிட்ட முதியோர்க்கும் அது மறுபடியும் பாதையைத் திறந்துவிட்டிருக்கின்றது. மின்கலத்தால் இயங்கும் சிறு துணைமோட்டார் பெருகியபின் இதன் நிறை என்னும் குறையும் பெரிதும் நீங்கிற்று. ஜேர்மனியில் 'பீனோ' என்னும் இரட்டையிருக்கை வண்டியொன்று உண்டு. முன்னே ஒருவர் சாய்ந்திருந்து மிதிப்பார். பின்னே ஒருவர் நிமிர்ந்திருந்து மிதித்து வண்டியைச் செலுத்துவார். கண்பார்வையற்ற ஒருவரையோ சிறுபிள்ளையையோ முன்னே இருத்திச் செல்வதற்கு இது வாய்ப்பானது. இருவர் தலைகளும் அருகருகே இருத்தலால் வழிநெடுகப் பேசிக்கொண்டு போகலாம்.

வாங்கக் கருதுவோர் செய்யவேண்டியது ஒன்றுண்டு. சுவரில் முதுகைச் சேர்த்து நிலத்தில் இருந்து, கால்களை நீட்டி, சுவரிலிருந்து குதிக்கால் வரையுள்ள தூரத்தை அளத்தல் வேண்டும். நிற்கும்போதுள்ள உயரமன்று, இவ்வளவே சாய்வு வண்டிக்கு வேண்டியது. ஒரே உயரமுள்ள இருவர்க்கு இது பல சதமமீற்றர் வேறுபடும். மிதியச்சைத் தாங்கும் குழாயை நீட்டியும் குறுக்கியும் இவ்வளவுக்கேற்பத் திருத்துவர். மிதி தொலைவிற்போகும் நிலையில் முழங்கால் முற்றாக நீளாமற் சிறிது மடங்கியிருத்தல் வேண்டும். பின்னர், கடைவாசலைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாது, ஒரு முழுநாளேனும் வாடகைக்குப் பெற்று ஓட்டல் வேண்டும். முதல் அரைமணிநேரத்திற் சுகமாகத் தோன்றும் ஆசனம் மூன்றாம் மணிநேரத்திற் சுகமாயிருக்குமா என்பதைக் கடைக்காரர் கூறமுடியாது. ஓட்டுபவரின் முதுகே கூறும்.